பன்னிரண்டாவது குழி

அந்த ஓவர்சியரை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் இவள் மனம் இளகுவாள் என்று யாரும் காத்திருந்து ஏமாற வேண்டாம். ஐம்பதை நெருங்குகிறேன். முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது, பல் இரண்டு போய்விட்டது. அந்த ஆள்மேல் உள்ள கோபத்துக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

எழுபதுகளின் நடுவில் சாந்தன்பாறைக்குக் கீழே மலையை உடைத்து ரோடு போட்டார்கள். அந்த வேலைத்தளத்தில் நாங்கள் மூன்று பேர். என் புருஷன் பாறையில் குழி துளைக்கும் டிரில்லர். துளைத்து, வெடித்து, உடைந்து விழுந்ததைத் தலையில் சுமக்கும் பெண்களில் நான் ஒருத்தி. பத்தாவது வரை படித்தவள், கல் சுமந்தேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. மூன்றாவது ஆள் அப்பா. அவர் கையில்தான் வெடிமருந்துக் கிடங்கின் சாவி இருந்தது.

அப்பா தோற்ற பட்டாளத்துக்காரர். பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரிலிருந்து மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்துக் கிளார்க்காகப் போனவர், வெள்ளைக்காரனை எதிர்த்து அங்கே திரண்ட படையில் சேர்ந்து பர்மா வரை நடந்தார். கையெழுத்து நன்றாக இருந்ததால் அவருக்குத் துப்பாக்கி தரவில்லை. துப்பாக்கிகளுக்குத் தீனி போடும் வேலையைத் தந்தார்கள். ஆயுதக் கிடங்கு அதிகாரி. எதிரி போட்டுவிட்டு ஓடிய குண்டுகளைப் பொறுக்கி, எது எந்தக் குழாய்க்குப் பொருந்தும் என்று பிரித்து, நனைந்த மருந்தை மூங்கில் தட்டிகளில் காயவைத்து, மாட்டின் முதுகில் ஏற்றி முன்னே அனுப்புவார். இரண்டு வருடப் போரில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, பல மாதம் கண்ணாகப் பார்த்துக்கொண்ட கிடங்குக்கு அவரே தீ வைக்க வேண்டி வந்தது. வைத்தார். எல்லாரும் ஓடினார்கள். இவர் நின்று எண்ணினார்.

"அத்தனையும் வெடிச்சுதான்னு எண்ணாம நகரக் கூடாது அம்மிணி. ஒண்ணு மிச்சம் கெடந்தா, நாளைக்கு ஆடு மேய்க்க வர்றவன் கையில வெடிக்கும்" என்பார்.

அந்த எண்ணிக்கையில் அவருடைய காது இரண்டும் போயின. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. மழை பெய்வது கேட்காது, இடி கேட்கும், ஆனால் எந்தத் திசையில் என்று தெரியாது. பேச்சைப் பேசுகிறவர் உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பார். அன்றிலிருந்து அவர் காலால் எண்ணப் பழகிக்கொண்டார். வேலைத்தளத்தில் வெடி வைக்கும் நேரத்தில் கிடங்குக்கு வெளியே செருப்பில்லாமல் ஈரத் தரையில் நிற்பார். பூமி ஒவ்வொரு தடவை உதைக்கும்போதும் ஒரு விரலை மடக்குவார்.

ஓவர்சியரும் பர்மா பார்த்தவர்தான். வெள்ளைக்காரனின் பட்டாளத்தில், அதே மாதிரி கிடங்கில் வேலை. ஜெயித்த பக்கம். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஊர் எங்கள் ஊருக்கு எட்டு மைல், பேச்சு எங்கள் பேச்சு. அப்பாவைக் கண்டால் போதும், "ஏனுங் தோத்த பட்டாளம், சாப்ட்டாச்சுங்ளா?" என்பார். மரியாதை ஒன்றும் குறையாது. அந்த 'ங்' ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி இருக்கும்.

பகை ஒரு பூட்ஸில் தொடங்கியது. கிடங்கின் கம்பிவேலிக் கதவில் தீப்பெட்டி, பீடி, செருப்பு மூன்றையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூட்ஸ் ஆணி தரையில் உரசி ஒரு பொறி பறந்தால் கிடங்கோடு மேலே போகலாம். அப்பா வாரம் தவறாமல் பாறை பிளக்கும் மருந்துத் தோட்டாப் பெட்டிகளைத் தலைகீழாகப் புரட்டி வைப்பார், உள்ளிருக்கும் வெடி எண்ணெய் ஒரு பக்கமாக இறங்கிக் கசியாமலிருக்க. பிள்ளையைத் தொட்டிலில் புரட்டுவதுபோல் மெதுவாக. அப்படிப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள் ஓவர்சியர் ஆணி பூட்ஸோடு உள்ளே வந்தார்.

"கழட்டிட்டு வாங்க" என்றார் அப்பா, திரும்பாமலே. தரை சொல்லியிருக்கும்.

ஓவர்சியர் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "நான் யாருன்னு தெரியுதுங்ளா?"

"தெரியுதுங். மருந்துக்குத் தெரியாதுங்களே."

ஓவர்சியர் கதவுக்கு வெளியே ஒற்றைக்காலில் நின்று பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டியதை, கல் சுமக்கும் சட்டியோடு வரிசையில் போய்க்கொண்டிருந்த நாங்கள் பத்துப் பெண்களும் பார்த்தோம். தத்தித் தத்தி ஒரு வட்டமே போட்டார். நான்தான் முதலில் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் எந்தப் புத்தகத்திலோ குறித்து வைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெடி வைக்கும் முறை எளிமையானது. குழிக்கு ஒரு கேப்பு. கேப்பு என்றால் கட்டைவிரல் நீளக் குழாய். அதுதான் மருந்தை எழுப்பும். வெடிக்காரர் காலையில் எத்தனை குழியோ அத்தனை கேப்பு கிடங்கிலிருந்து எழுதி வாங்குவார். அந்தச் சீட்டில் ஓவர்சியர் கையெழுத்து போடுவார். மத்தியானம் ஒவ்வொரு குழியிலும் திரி வைத்து, நீளம் மாற்றி மாற்றிக் கொளுத்திவிட்டு வெடிக்காரர் ஓடி வருவார். ஓவர்சியர் வளைவிலுள்ள ஒரு பாறைமேல் நின்று எண்ணுவார். குழியும் சத்தமும் சரியாக இருந்தால் விசில். விசில் கேட்டால்தான் டிரில்லர் உள்ளே போகலாம்.

அந்த வளைவில் ஒரு வஞ்சகம் இருந்தது. உள்பக்கம் வெடிப்பதெல்லாம் மலைக்குள்ளேயே அமுங்கிப்போகும். விளிம்பில் கடைசியாக வைக்கும் குழி மட்டும் பள்ளத்தாக்குக்கு அக்கரையிலுள்ள செங்குத்துப் பாறையைப் பார்த்தபடி வெடிக்கும். அந்தச் சத்தம் அக்கரை போய், முட்டி, நிதானமாகத் திரும்பி வரும். மூடுபனி இறங்கிய நாளில் அது இன்னொரு வெடிபோலவே கனமாக வரும். கல் சுமந்த எங்களுக்கு அது தெரியும். ஓவர்சியருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் கேட்கவும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், மூடுபனி இறங்கிய ஒரு மத்தியானம். பன்னிரண்டு குழி. எதிரொலியையும் சேர்த்து ஓவர்சியர் பன்னிரண்டு எண்ணி விசில் கொடுத்தார். கீழே கிடங்கின் வாசலில் அப்பா பத்து விரலும் மடக்கி, மறுபடி ஒன்று மடக்கி, பன்னிரண்டாவதுக்கு நின்றுகொண்டிருந்தார். விசில் அவருக்குக் கேட்கவில்லை. ஆட்கள் நகர்வதைப் பார்த்தார். அதற்கு முன்பும் பின்பும் அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. அப்படி ஓடி வந்தார்.

"பதினொண்ணுதானுங். ஒண்ணு நிக்குது. ஆளை நிறுத்துங்க."

ஓவர்சியர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "செவிடு எண்ணிச் சொல்லுது, கேட்டுக்கங்க. எண்ணத் தெரிஞ்சிருந்தா அந்தப் பட்டாளம் ஏனுங் தோக்குது?"

சிலர் சிரித்தார்கள். நான் பத்தடியில் நின்றேன். என் புருஷன் ஏற்கெனவே வளைவைத் தாண்டியிருந்தார். அவர் இயந்திரத்தை அழுத்திய சத்தம் வந்தது, அதற்குள்ளேயே மற்றது.

இரண்டு கண்ணும் போயின.

அவரை ஜீப்பில் போட்டு மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே ஓவர்சியர் ஒரு கதை கட்டி முடித்துவிட்டார். பன்னிரண்டு குழி, பன்னிரண்டு சத்தம், எல்லாரும் கேட்டது. அப்படியானால் பதின்மூன்றாவது கேப்பு எங்கிருந்து வந்தது? மாமனார் கிடங்கிலிருந்து எடுத்து மருமகனுக்குக் கொடுத்திருக்கிறார், ஆற்றில் தோட்டா போட்டு மீன் பிடிக்க. அது மருமகன் இடுப்பிலேயே வெடித்துவிட்டது. அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் அதிகாரிகள் நேரத்துக்கு வருவார்கள், கேள்வி கேட்டவன் வீட்டுக்கு வராமல் போவான். அப்படி ஒரு காலம். மருந்து திருட்டு என்றால் நேரே ஜெயில். அப்பாவின் பதிவேட்டில் பன்னிரண்டு கேப்புதான் எழுதியிருந்தது. ஆனால் எழுதியவர் யார்? டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லாதவர். தோற்ற பக்கத்தில் புத்தகம் கொடுக்க யாரும் மிஞ்சவில்லை.

ஓவர்சியர் ஒரு வழியும் சொன்னார். மலையாளத்தில் அடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். கவனக்குறைவால் ஒரு கேப்பு தொலைத்துவிட்டேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டால், திருட்டு என்ற பேச்சே எழாது. வியாழக்கிழமை வெடிமருந்து இன்ஸ்பெக்டர் வருவதற்குள் போட வேண்டும்.

"போட்டுடறேன் அம்மிணி" என்றார் அப்பா அன்று சாயங்காலம். "மாப்ளய திருடன்னு சொல்லக் கூடாது. கண்ணும் போயி, பேரும் போயி என்ன பண்ணுவாரு?"

"நீங்க தொலைச்சீங்களா?"

"என்ற வாழ்நாள்ல ஒண்ணும் தொலைச்சதில்ல."

"அப்பறம்?"

அவர் தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். எனக்கு அந்த நிமிடம் அப்பாமேல்தான் முதல் கோபம் வந்தது. ஒரு தடவை தோற்றது போதாதா?

மறுநாள் நான் வெடிக்காரரைப் பிடித்தேன். சூரியநெல்லிக்காரர், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். 'விபத்தன்று நான் எண்ணவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன்' என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டிருந்தார்.

"அண்ணே, வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் முன்னாடி வெடி உண்டா?"

"உண்டும்மா. எப்படி வெடிக்கோம், எப்படி எண்ணுதோம்னு பாக்கணுமாம்."

"பன்னெண்டு குழி போடுங்க. பதினொண்ணுக்கு மட்டும் மருந்து வைங்க."

அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டார். "என்ன சொல்லுத நீ?"

"ஒரு குழியில வெறும் மண்ணு. வெளியே துண்டுத் திரி. மத்ததெல்லாம் வழக்கம்போல. விளிம்புக் குழி கடைசி."

"கண்டுபிடிச்சா என்னையத் தூக்கி உள்ள வெச்சிருவான்ம்மா."

"நீங்க ஓடினது உண்மைதான். காது கூடவா ஓடுச்சு?"

அவர் எதிர்மலையைப் பார்த்தார். "பதினொண்ணுதாம்மா கேட்டுச்சு" என்றார் கடைசியில். "கர்த்தருக்குத் தெரியும்."

"கர்த்தர் வியாழக்கிழமை வரமாட்டார். இன்ஸ்பெக்டர்தான் வர்றார்."

வியாழன் காலை. கிடங்குக் கதவில் வெடிக்காரர் செருப்பைக் கழற்றினார். நான் வேண்டுமென்றே கல்சட்டியோடு அந்தப் பக்கம் நடந்தேன். பன்னிரண்டு குழி துளைத்திருப்பது அப்பாவுக்குத் தெரியும். காலையிலிருந்து இயந்திரம் அவர் பாதத்தில் பேசிக்கொண்டிருந்தது.

"எத்தன கேப்பு?"

வெடிக்காரர் கையால் காட்டினார். பத்து, பிறகு ஒன்று.

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நேராக வாங்கிக்கொண்டேன். எடுத்துக்கொடுத்தது பதினொன்று. சீட்டில் எழுத்திலும் எண்ணிலும் எழுதினார், பதினொன்று என்று. பொய் எண்ணை அவர் எழுதமாட்டார். என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. வெடிக்காரர் அந்தச் சீட்டை ஓவர்சியரிடம் கொண்டுபோனார். ஓவர்சியர் ஜீப்பின் மூக்கில் வைத்து, இன்ஸ்பெக்டருக்கு டீ சொல்லிக்கொண்டே, வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் பனி இறங்கியது. இன்ஸ்பெக்டர் திருச்சூர்ப் பக்கத்து மனிதர், குடையை விரிக்காமல் கையில் வைத்திருந்தார். விபத்துக்காரனின் பெண்டாட்டி என்பதால் வாக்குமூலத்துக்கு என்னையும் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஓவர்சியர் தன் பாறைமேல் ஏறினார். சத்தமாகவே எண்ணினார், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல. ஒன்பது. பத்து. பதினொன்று விளிம்பில் வெடித்தது. பனிக்குள் அது அக்கரை போய் மெல்லத் திரும்பி வந்தது.

"பன்னெண்டு." விசில்.

"சரியாணோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பட்டாளத்துக் காதுங்க சார். தப்பாது."

"அப்ப நீங்களே முன்னால போய்க் காட்டுங்க" என்றேன் நான். "டிரில்லர் எந்த எடத்துல போய் நிப்பானோ அங்க. நான் அங்க வந்து வாக்குமூலம் தர்றேன்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஓவர்சியர் என்னை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நடந்தார். நல்ல நடை. வளைவைத் தாண்டி, புகை அடங்காத கற்குவியலில் ஏறி, சாய்ந்துகிடந்த ஒரு பலகைக்கல்லின்மேல் கால் வைத்தார். அப்போதுதான் பார்த்தார். முகத்துக்கு இரண்டடி முன்னால், உடையாத பாறையில், வட்டமாக ஒரு குழி. வாயில் களிமண். களிமண்ணிலிருந்து தொங்கும் கருகாத திரித்துண்டு.

அவர் கிடங்குக்காரர். வெடிக்காமல் நின்ற குழி என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காலை எடுத்தால் பலகைக்கல் சரியும்; சரிந்தால் நேராகக் குழிமேல். எடுக்கவில்லை. தூக்கிய ஒரு கை தூக்கியபடியே இருந்தது.

நாங்கள் தூரத்தில் வளைவிலேயே நின்றுவிட்டோம். வெடிக்காரர் கையை நெற்றிக்கும் மார்புக்கும் கொண்டுபோவதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன். "எத்தன எண்ணுனீங்க?"

அவர் கண் குழியைவிட்டு நகரவில்லை.

"ஆள நிறுத்துங்கன்னு எங்கப்பா வந்தப்ப எத்தனன்னு சொன்னாருங்க?"

பலகைக்கல் அசைந்தது. சின்னக் கல் ஒன்று உருண்டு குழியின் விளிம்பில் போய் நின்றது. அந்த ஆள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எந்த எழுத்தாலும் எழுத முடியாது.

"பதினொண்ணு" என்றார். "பதினொண்ணுன்னு சொன்னாருங்க. நாந்தான் கேக்கல. சாமி, யாராவது... அம்மிணி..."

இன்ஸ்பெக்டரின் குடை கீழே கிடந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "அதில மருந்து உண்டோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் பேசவில்லை.

பேசியிருக்கலாம். மண்தான் என்று இரண்டு வார்த்தை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், என் அப்பா பேர் கழுவப்பட்டுவிட்டது. ஆனால் என் வாய்க்குள் அந்த வார்த்தை ஒரு மிட்டாய்போல் இருந்தது, விழுங்க மனமில்லை. நிற்கட்டும். என் புருஷனுக்குக் கிடைக்காத நிமிடங்கள் இவனுக்குக் கிடைத்திருக்கின்றன. பயப்படுவதற்காவது அவருக்கு நேரம் இருந்ததா? அந்த மனிதனின் கால்சட்டை நனைந்து கறுத்துக்கொண்டே வந்ததை நான் ஆசையோடு பார்த்தேன். இன்று நினைத்தாலும் அந்த ஆசைக்காக வருந்தத் தோன்றவில்லை.

பின்னால் வெறுங்கால் சத்தம். அப்பா. கிடங்கைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தார். என்னைத் தாண்டிப் போனார். கற்குவியலில் நிதானமாக ஒவ்வொரு கல்லாகக் கால்வைத்துத் தேர்ந்தெடுத்து ஏறினார். பலகைக்கல்லுக்குக் கீழே ஒரு தோளைக் கொடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தத் திரியைப் பிடித்து இழுத்தார். களிமண்ணோடு கையில் வந்தது.

"மண்ணுதானுங்க" என்றார். "நான் கேப்பு கொடுக்கவே இல்ல. சீட்டுல நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களே, படிக்கலீங்ளா? பாத்து எறங்குங்க, கல்லு ஆடுது."

ஓவர்சியர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

என் பக்கத்தில் வந்தபோது அப்பா நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்களை யார் வரச் சொன்னது?" என்றேன், அவருக்குக் கேட்கும்படி கத்தி.

அவர் கையிலிருந்த களிமண்ணை வேட்டியில் துடைத்தார். "கொஞ்சம் வெரசாவே வந்திருக்கலாம் அம்மிணி. வேணும்னுதான் மெதுவா நடந்தேன்."

முப்பது வருடம் தோற்றதையெல்லாம் வாய் திறக்காமல் விழுங்கிய மனிதர். அன்று அவருக்கு என்மேல் எத்தனை பாசம் வந்ததோ தெரியாது, எனக்கு அவர்மேல் வந்தது.

சீட்டையும் தலையணைக்குக் கீழிருந்த தாளையும் இன்ஸ்பெக்டர் வாங்கிப் போனார். ஒரு மாதத்தில் ஓவர்சியரை வேலையிலிருந்து எடுத்தார்கள். வேறெங்கோ வேலையில் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது போதுமா? போதாது. அந்த ஆள் இரண்டு கண்ணோடு செத்தான்.

அந்த வியாழனுக்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் புருஷன் கட்டோடு படுத்திருந்தார். மேலே மின்விசிறி, ஜன்னலில் வெயில், இரண்டும் அவருக்குக் காற்றும் சூடும் மட்டுமே.

"ஏனுங்க" என்றேன்.

"வந்துட்டாளா ஏனுங்க" என்றார். அவர் தெற்கத்தி ஆள், எங்கள் பேச்சைக் கிண்டல் செய்வது கல்யாணமான நாளிலிருந்து உள்ளது; விபத்துக்குப் பிறகு அன்றுதான் திரும்ப வந்தது. "மாமா கையெழுத்து போட்டாச்சாட்டி?"

"போடல. நீங்க திருடனும் இல்ல." எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அழுதானாட்டி?"

"அழுதான்."

"கை எங்க இருந்துச்சு?"

"தூக்கினது தூக்கினபடி."

"எந்தக் கை?"

"வலது."

கட்டுக்குக் கீழே அவர் உதடு விரிந்தது. "மொதல்லேருந்து சொல்லு. பாறமேல ஏறுனாம்லா, அங்கேருந்து. வேகமாச் சொல்லாத. அவன் மூஞ்சி எனக்குத் தெரியணும்."

மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை நெற்றியில் வேர்வை எப்படி இருந்தது என்று கேட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை, இருந்தும் சொன்னேன், துளித்துளியாக. நான்காம் தடவை பாதியில் அவர் மூச்சு சீராகித் தூங்கிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. பக்கத்துக் கட்டில்காரர், "போதும்மா, தூங்குதாரு" என்றார்.

நான் நிறுத்தவில்லை.